மொட்டை போடப் போகும் வழியில் ஒரு பாறைச் சுவர்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுப் பெரியவர்கள் ஊர் திரும்பியதும் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டும் படங்களில் இரண்டு தவறாமல் இருக்கும். ஒன்று நயாகரா, இன்னொன்று கிராண்ட் கேன்யன். தாத்தா தலையில் குரங்குக் குல்லா, பாட்டிக்குப் புடவைமேல் ஸ்வெட்டர், காலில் மருமகள் வாங்கிக் கொடுத்த ஷூ, நடுவில் பேரன். பின்னால் செம்பாறை அடுக்கடுக்காகக் கீழே இறங்கிப் போகும். ‘எத்தனை கோடி வருஷமாம் தெரியுமா’ என்ற வியப்பும் கூடவே வரும். வியக்கட்டும், அதற்குத் தகுதியான இடம்தான். ஆனால் அதே குடும்பம் அதே பேரனுக்கு முதல் மொட்டை போடத் திருப்பதிக்குப் போயிருக்கும். மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு, கிராண்ட் கேன்யனின் அடிப்பாறையைவிடப் பழைய பாறை ஒன்றைத் தாண்டிப் போயிருக்கும். அதை யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

மலையடிவாரத்து அலிபிரியில் சோதனை முடிந்து பேருந்து ஏறத் தொடங்கும்போது வெளியே தெரிவது கருங்கல். நிலவியலாளர் இதைக் கிரானைட், நைஸ் என்று பிரித்துச் சொல்வார்கள். உருண்டு திரண்ட பாறைகள், நடுநடுவே புதரும் மண்ணும் மூடிய சரிவு. சித்தூர், வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் எங்கும் பார்த்துப் பழகிய கல்தான். கொஞ்ச தூரம் ஏறிய பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தால் காட்சி மாறியிருக்கும். சரிவுக்கு மேலே செங்குத்தான சுவர் எழுந்து நிற்கும். வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்புமாக, கிடைக்கோடுகள் ஓடும் சுவர். மொட்டையாகத் தெரியும் அந்தச் சுவரும் புதர் மூடிய சரிவும் சந்திக்கும் கோடுதான் நாம் பேச வந்த விஷயம். சாலை வெட்டிய இடங்களிலும் ஓடைப் பள்ளங்களிலும் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கோட்டுக்குக் கீழே இருக்கும் கருங்கல்லுக்கு 210 கோடி ஆண்டுக்கு மேல் வயது. 250 கோடி வரை போகும் என்பவர்களும் உண்டு. கோட்டுக்கு மேலே இருக்கும் சுவர் குவார்ட்சைட். அது மணலாகப் படியத் தொடங்கியதற்கு முன் பல கோடி ஆண்டுகள் கழிந்துவிட்டன. இடையில் எவ்வளவு காலம் காணாமல் போயிற்று என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. 50 கோடி ஆண்டு என்றும் 80 கோடி ஆண்டு என்றும் சொல்கிறார்கள். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், முதல் மீன் தோன்றியதிலிருந்து நேற்றுவரை உள்ள காலம் அவ்வளவும் ஒரு கைவிரல் அகலக் கோட்டுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் காலத்தில் இங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆழத்தில் உருகி இறுகிய கருங்கல் தரைமட்டத்துக்கு வரவேண்டுமானால் அதன் தலைமேல் இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை முழுவதும் வெயிலிலும் மழையிலும் கரைந்து போயிருக்க வேண்டும். மலைகள் தேய்ந்து தட்டையானபின் நிலம் தாழ்ந்தது, தண்ணீர் வந்தது, மணல் வந்து விழுந்தது. அடியில் கிடக்கும் முதல் அடுக்குகளில் வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். கீழே இருந்த பழைய தரை உடைந்து உருண்ட துண்டுகள் அவை. வில்லியம் கிங் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் 1872-இல் கடப்பை, கர்னூல் பாறைகளைப் பற்றி எழுதிய பெரிய அறிக்கையில் இந்த இடைவெளியை அடையாளம் காட்டினார். எபார்க்கியன் அன்கன்ஃபார்மிட்டி என்ற வாயில் நுழையாத பெயர் இதற்கு உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

கிராண்ட் கேன்யனிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. சுமார் 170 கோடி ஆண்டு வயதான பாறையின் மேல் 50 கோடி ஆண்டு வயதான மணற்கல் உட்கார்ந்திருக்கும். நடுவில் 120 கோடி ஆண்டு இல்லை. இடைவெளியின் நீளத்தில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள். பாறையின் வயதில் நாம் முந்தி. அந்த அடிப்பாறையின் பெயர்தான் வேடிக்கை: விஷ்ணு சிஸ்ட். 1880-களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் கீழைநாட்டுப் பெயர்களில் மயங்கியவர். கேன்யனுக்குள் தனித்து நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயர் வைத்துவிட்டார். விஷ்ணு குன்றின் பெயர் பிறகு அடிப்பாறைக்கும் போயிற்று. அரிசோனாவில் பெருமாள் பெயரில் பாறை மட்டும் இருக்கிறது. இங்கே பெருமாளே இருப்பதால் பாறையை யாரும் பார்ப்பதில்லை.

சுவராக நிற்கும் அந்தக் கல்லுக்கு நகரி குவார்ட்சைட் என்று பெயர். சென்னையிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போகிறவர்கள் திருத்தணி தாண்டியதும் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டே போனால் நகரி மூக்கு என்று சொல்லப்படும் மலைமுனை தெரியும். மேலே தட்டையாக வந்து, நுனியில் சட்டென்று செங்குத்தாக விழும். அதே கல், அதே குணம்.

அந்தக் குணத்தைக் கையில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் புரியும். எள்ளுருண்டையைக் கடித்தால் பாகு விட்டுப்போகும், எள் முழுசாக உதிரும். சாதாரண மணற்கல் அப்படித்தான் உடையும். மணிகளைச் சுற்றிக்கொண்டு விரிசல் ஓடும். குவார்ட்சைட்டில் மணலும் சிலிக்கா, மணலை ஒட்டிய பசையும் சிலிக்கா. இரண்டும் இறுகி ஒன்றாகிவிட்டதால் விரிசல் மணிகளைப் பிளந்துகொண்டே போகும். உடைந்த முகம் சர்க்கரைப் படிகம்போல் மினுங்கும், விளிம்பு கையைக் கீறும். மழைநீரில் கரையக்கூடிய தாது இதில் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகி உதிரும். அதனால்தான் கீழ்ச்சரிவில் மண்ணும் மரமும். குவார்ட்சைட் உதிராது. ஆனால் அதற்குள் நெட்டுக்குத்தாக வெடிப்புகள் உண்டு. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும், வேர் நுழையும், அடியில் இருக்கும் கருங்கல் தேயும். பிறகு ஒருநாள் பாளம் பாளமாகச் சரிந்து விழும். விழுந்த இடத்தில் மறுபடி செங்குத்துச் சுவரே மிஞ்சும். சரிவாக மாற இந்தக் கல்லுக்குத் தெரியாது.

2021 நவம்பரில் திருப்பதியை மழை புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்து டிசம்பர் முதல் நாள் காலையில் மேலேறும் சாலையில் பாறைகள் விழுந்து வழியை அடைத்தன. செய்தித்தாள்கள் மழையின் கோபம் என்று எழுதின. அந்த மலை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை அது. 1944-இல் போட்ட முதல் சாலைக்கும் 1974-இல் போட்ட இரண்டாவது சாலைக்கும் முன்பே பாறைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன, கீழே பேருந்து இல்லை அவ்வளவே.

இன்னொரு விஷயம் இந்தக் கல்லில் சாவகாசமாகப் பார்க்க வேண்டியது. படுத்த நிலையில் இருக்கும் பலகைகளின் மேற்பரப்பில் சில இடங்களில் சிற்றலை வரிகள் இருக்கும். ஆற்றங்கரை ஈரமணலில் தண்ணீர் வடிந்தபின் தெரியுமே, அதே வரிகள், விரல் வைத்துத் தடவலாம். இன்றைய கரையில் அந்த வரி மறுநாள் நிற்காது. நண்டும் புழுவும் குடைந்து கலைத்துவிடும். இந்த மணல் படிந்த காலத்தில் நண்டும் இல்லை, புழுவும் இல்லை, கரையில் ஒரு புல்கூட இல்லை. உயிர் என்றால் நுண்ணுயிர்தான். வேர்பிடித்துக் கரையை நிறுத்தச் செடி இல்லாததால் அக்காலத்து ஆறுகள் ஒரே வாய்க்காலில் அடங்காமல் அகலமாகப் பரவி ஓடி, மணலை ஊர் ஊராக விரித்துப் போட்டன. அலைவரியைக் கலைக்க ஆளில்லாததால் அது அப்படியே கல்லாகிவிட்டது.

இந்த மணல் நிரப்பிய பள்ளம் சிறியதல்ல. பிறைவடிவில் 440 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 44,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடப்பைப் படுகை என்று உலகம் முழுவதும் நிலவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். திருமலை அதன் தென்முனையில் இருக்கிறது. மணலுக்குப் பிறகு சேறும் சுண்ணாம்பும் படிந்தன. தமிழ்நாட்டு வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போட்ட கறுப்புக் கடப்பைக் கல் இதே படுகையின் பிற்கால அடுக்குகளிலிருந்து வந்ததுதான். தோசைமாவு வழிந்த மேடையைத் துடைக்கிறவர் பழங்காலக் கடல் ஒன்றின் தரையைத் துடைக்கிறார்.

மலைமேல் கோயிலுக்கு வடக்கே ஒரு கிலோமீட்டரில் சிலாதோரணம். தோட்டம் போட்டு வேலி கட்டியிருக்கிறார்கள். 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். இரண்டு பாறைத் திட்டுகளை மெல்லிய கல்வளைவு ஒன்று இணைக்கிறது. போனமுறை நான் நின்றிருந்தபோது மொட்டைத்தலையில் சந்தனம் காயாத ஒரு பையன் தன் பாட்டியிடம் கேட்டான்.

“அவ்வா, இத யார் கட்டுனது?”

“பெருமாள் காலடி வச்ச எடம்டா. அவர் ஒசரம்தான் அது.”

“அப்ப ஏன் கோணலா இருக்கு?”

அவ்வாவுக்கு விடை தெரியவில்லை, பையனை இழுத்துக்கொண்டு ஐஸ் வண்டிப் பக்கம் போய்விட்டார். கேள்வி நல்ல கேள்வி. கோணலுக்குக் காரணம் அடுக்குகளும் வெடிப்புகளும். பக்கத்தில் ஒரு பிளவு ஓடுகிறது. 1980-களில் அதை ஆராயப் போன நிலவியலாளர்கள் கண்ணில்தான் இந்த வளைவின் அருமை பட்டது. வலுவில்லாத அடுக்கு முதலில் போயிற்று, வலுவான அடுக்கு பாலம்போல் தொங்கி நின்றது. எந்த அடுக்கு எவ்வளவு தாங்கியதோ அவ்வளவு வளைவு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் இப்படி 2,000-க்கு மேற்பட்ட வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 88 மீட்டர் நீளம். அளவில் சிலாதோரணம் அதன் கட்டைவிரலுக்குக் காணாது. ஆனால் அங்கே இருப்பது மென்மையான மணற்கல், வயது 16 கோடி ஆண்டு அளவில். மணிகள் எளிதில் உதிர்வதால் வளைவுகள் உண்டாகவும் செய்யும், சீக்கிரம் விழவும் செய்யும்; 2008 ஆகஸ்டில் அங்கே வால் ஆர்ச் என்ற வளைவு ஓர் இரவில் இடிந்துவிட்டது. குவார்ட்சைட்டில் வளைவு உண்டாவது அரிது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கல்லின் வயது வேறு, வளைவின் வயது வேறு. நூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கல்லில் வளைவு மிகச் சமீபத்தில் உண்டானதாகவே இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்காது. கிராண்ட் கேன்யனும் அப்படியே. அடிப்பாறை நூறு கோடிக் கணக்கு, பள்ளம் பெரும்பாலும் கடைசி ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளில் கொலராடோ ஆறு வெட்டியது.

திருமலையில் உண்மையான கேன்யன் பார்க்க வேண்டுமென்றால் பாபவிநாசத்துக்கு அப்பால் காட்டுக்குள் போக வேண்டும். தும்புரு தீர்த்தம் அங்கேதான் இருக்கிறது. நெட்டுக்குத்தான இரண்டு குவார்ட்சைட் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய வழி. சில இடங்களில் மேலே வானம் ஒரு பட்டை அளவே தெரியும். காலடியில் கூழாங்கல், கணுக்கால் தண்ணீர், சில மடுக்கள். பாறையின் செங்குத்து வெடிப்பு ஒன்றைத் தண்ணீர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆழப்படுத்திய வேலை இது. யூட்டாவிலும் அரிசோனாவிலும் ஆளுக்குப் பல டாலர் வாங்கிக்கொண்டு நடத்திக் கூட்டிப் போகும் குறுங்கேன்யன்கள் உண்டானதும் இதே வழியில்தான்.

இங்கே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போவது ஆண்டில் ஒரு சமயம், பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் தும்புரு தீர்த்த முக்கோடி என்ற தீர்த்தமாடும் நாளுக்கு. தைப் பௌர்ணமியில் ராமகிருஷ்ண தீர்த்தம், மாசிப் பௌர்ணமியில் குமாரதாரை என்று காட்டுக்குள் இருக்கும் மற்றத் தீர்த்தங்களுக்கும் தனித்தனி நாள் உண்டு. சித்தூர், புத்தூர், நகரி, திருத்தணி, வேலூர்ப் பக்கத்து ஆட்கள் கட்டுச்சோறோடு வருவார்கள். வழியில் தேவஸ்தானமும் சோறு, மோர் தருகிறது.

இந்த மூன்று பௌர்ணமிகளையும் மழைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இந்த மலைக்குத் தென்மேற்குப் பருவமும் கொஞ்சம், வடகிழக்குப் பருவம் நிறைய. மார்கழியோடு மழை ஓயும். சித்திரை பிறந்தால் மாலை வேளைகளில் கோடை இடிமழை தொடங்கும். தையும் மாசியும் பங்குனியும்தான் வானம் வெளுத்த மாதங்கள். அப்போதும் தீர்த்தத்தில் தண்ணீர் வற்றாது. மேட்டுநிலத்தில் பெய்தது வெடிப்பு வழியாக மெல்ல இறங்கி, கீழே புகமுடியாத அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் கசிந்து வந்துகொண்டிருக்கும். வெள்ள பயம் இல்லை, தண்ணீருக்குக் குறைவில்லை, திரும்பி வர இருட்டிவிட்டால் நிலா இருக்கிறது. கார்த்திகை மழையில் வரும் சக்கர தீர்த்த முக்கோடி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் சக்கர தீர்த்தம் சிலாதோரணத்தை ஒட்டி, கோயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பது. பள்ளத்துக்குள் நடக்கும் வேலை அதில் இல்லை. நாள் குறித்தவர்கள் இதையெல்லாம் யோசித்தே குறித்தார்களா என்பதற்கு என்னிடம் ஏடு எதுவும் இல்லை. என் ஊகம், பள்ளத்தில் மாட்டிக்கொண்ட அனுபவம் நாளைத் தேர்ந்தெடுத்திருக்கும், புராணம் பிறகு வந்து உட்கார்ந்திருக்கும்.

மாட்டிக்கொள்வது எப்படி என்று ஒரு சின்னக் கணக்கு. பள்ளத்துக்கு மேலே 5 சதுர கிலோமீட்டர் பாறை மேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. கோடை இடிமழைக்கு இது பெரிய அளவில்லை. மொத்தத் தண்ணீர் 2.5 லட்சம் கன மீட்டர். பாறை அதிகம் குடிக்காது, பாதியாவது ஓடிவரும். ஒரு மணி நேரத்தில் ஓடிவந்தாலும் வினாடிக்குச் சுமார் 35 கன மீட்டர். பள்ளத்தின் அகலம் 4 மீட்டர், தண்ணீரின் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்றால் நீர்மட்டம் ஏறக்குறைய 3 மீட்டருக்கு எழும்பும். திறந்த ஆற்றில் முழங்கால் நனைக்கும் தண்ணீர் இங்கே ஆளை மூடிவிடும். பக்கவாட்டில் ஏறித் தப்பிக்கச் சரிவு கிடையாது, இரு பக்கமும் சுவர்.

இதில் கொடுமை, மழை பெய்வது உங்கள் தலைக்கு மேலே இருக்க வேண்டியதில்லை. அரிசோனாவில் 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனுக்குள் இறங்கிய சுற்றுலாப் பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லும்படி மழையே இல்லை, இடிமழை பல மைல் தள்ளிப் பெய்தது. நாகலாபுரம் மலைகளிலும் புத்தூர்ப் பக்கத்து ஓடைகளிலும் சனி ஞாயிறு ஆனால் சென்னை இளைஞர் கூட்டம் மடுவுக்கு மடு குதித்துக்கொண்டிருக்கிறது. மேற்கே மேகம் கறுத்தால் குளியலை விட்டுவிட்டு மேடேறுங்கள் என்று உள்ளூர் மாடு மேய்க்கிறவர்கள் சொன்னால் அதைத் தட்டக் கூடாது. தண்ணீர் திடீரென்று கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் கடைசி எச்சரிக்கை.

பள்ளத்தின் குளிர்ச்சியும் நிழலும் வெளியே இல்லாத உயிர்களை வைத்திருக்கின்றன. பாறை இடுக்கில் பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. இரவில் வெளியே வரும், பல பல்லிகள் ஒரே பாறையில் கூட்டமாக முட்டையை ஒட்டிவைக்கும். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் 1870-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் நாம் தொட்டுவிட்டு வருவது உலோகப் பல்லி. உயிருள்ள தங்கப் பல்லி இங்கே இருக்கிறது. இதன் பேரினத்தில் இன்னும் ஒரே ஓர் இனம்தான் உண்டு, அது இலங்கையில். நடுவில் கடல். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இரண்டு நிலமும் ஒட்டியிருந்தன என்பது கதையின் ஒரு பாதி. பாறை இடுக்கைவிட்டு நகராத பல்லி அவ்வளவு தூரம் பரவியது எப்படி என்பது மறுபாதி. பெட்டோம் பெயரையே தாங்கிய சைக்கஸ் பெட்டோமி என்ற ஈந்துபோன்ற சிறுமரமும் இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் இயற்கையாக இல்லை.

மூன்று தலைமுறையோடு போகிறவர்கள் பாறையைத் தெரிந்துகொண்டால் போதாது, வீட்டு ஆட்களின் உடம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். அலிபிரி வழியில் சுமார் 3,550 படிகள். காளிகோபுரம் வரை முதல் இரண்டாயிரம் படிகளில் மூச்சு வாங்கும். அதற்கு மேல் அடுக்குகள் கிடையாகப் படுத்திருப்பதால் நெடுந்தூரம் சமமாக நடக்கலாம். கடைசியில் முழங்கால் முறிச்சான் வரும், பெயரே போதும். ஏறுவதை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். மூட்டுக்கு இறங்குவதுதான் கஷ்டம். பெர்லினில் செயற்கை முழங்கால் மூட்டுக்குள் உணரியை வைத்து அளந்தார்கள். படி ஏறும்போது மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல், இறங்கும்போது மூன்றரை மடங்கு. 60 கிலோ பாட்டிக்கு ஒவ்வொரு இறங்குபடியிலும் 200 கிலோவுக்கு மேல். போதாததற்குத் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் மறுநாள் வலி இறக்கத்தில் வந்ததாகவே இருக்கும். நடந்து ஏறி, பேருந்தில் இறங்கும் நம் வழக்கத்தை எந்த எலும்பு மருத்துவரும் மெச்சுவார். தவறி விழுந்து எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு இருக்கவே இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள்.

வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் உறைக்கும், உடம்பில் நீர் குறைந்த பிறகும் ‘எனக்கு ஒண்ணும் வேணாம்’ என்பார்கள். சிறுநீரைப் பெருக்கும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவரானால் இன்னும் கவனம் தேவை. கேட்காமலே தண்ணீரோ மோரோ கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சிக்கல் வேறு. உடல் எடைக்கு அவர்களின் தோல்பரப்பு அதிகம், வெயில் சூட்டைப் பாறையிலிருந்து வேகமாக வாங்கிக்கொள்வார்கள். குவார்ட்சைட் வேறு, கருங்கல்லைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். பகல் பன்னிரண்டுக்கு அதில் வெறுங்காலோடு நின்றால் ஒரே வெப்பநிலையில் இருக்கும் கருங்கல்லைவிடச் சுரீரென்று சுடும்.

சிறுத்தையையும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு பிற்பகலில் சிறு பிள்ளைகளை நடைபாதையில் விடுவதற்குத் தேவஸ்தானம் கட்டுப்பாடு போட்டது, பக்தர்களுக்குக் கையில் கம்பும் கொடுத்தார்கள். கம்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. சிறுத்தை தேர்ந்தெடுப்பது உயரம் குறைந்து, கூட்டத்தை விட்டு விலகி ஓடும் உருவத்தை. கம்பைவிட முக்கியம், பிள்ளை நடுவில் நடக்க வேண்டும் என்பது.

இத்தனைக்குப் பிறகும் ‘கேன்யன் என்றால் விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டும்’ என்று அடம்பிடிக்கிற பேரன் இருந்தால், திருப்பதியிலிருந்து கடப்பா வழியாக இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வண்டியை விடுங்கள். இதே கடப்பைப் படுகைக்குள், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில் கண்டிகோட்டா. வழியிலேயே நிலம் மாறுவது தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் சீமை இது. வங்கக்கடல் மழையும் இங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். முள்மரம், சிவந்த மண், வெடித்த பாறை. பாலைவனம் என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து வங்கக்கடலுக்குப் போகும் வட பெண்ணையாறு, அதாவது பென்னா, இங்கே எர்ரமலையைச் சுற்றிப் போகாமல் நடுவே அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு இருபுறமும் செங்குவார்ட்சைட் சுவர். இரும்பு ஆக்சைடு ஏறிய நிறம். ஆறு ஏன் சுலபமான வழியைத் தேடவில்லை என்பதற்கு நிலவியலில் பொதுவாக இரண்டு விடை உண்டு. மலை மெல்ல எழும்பும் முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்து, எழும்ப எழும்ப அறுத்திருக்கலாம். அல்லது மலையை மூடியிருந்த மென்பாறையின் மேல் ஓடிய ஆறு, அது கரைந்தபின் அடியில் கெட்டிப்பாறை வந்தும் தடம் மாறாமல் அறுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். எதுவானாலும் ஆற்றின் வழி மலையின் இன்றைய உருவத்துக்கு மூத்தது.

பள்ளத்தை அகழியாக வைத்துக்கொண்டு கட்டிய கோட்டைக்குள் மாதவராயர் கோயிலும் ஜாமியா மசூதியும் தானியக் கிடங்கும் நிற்கின்றன. கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லா பிடித்த கோட்டை. வைர வியாபாரி தவெர்னியே 1652-இல் அவரைப் பார்க்க இங்கே வந்து போனார். கோட்டையைவிடச் சுவரைப் பாருங்கள்: எதிர்ப்பக்க அடுக்கும் இந்தப்பக்க அடுக்கும் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகும். நடுவில் இருந்ததை ஆறு எடுத்துப் போயிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மழை முடிந்தபின் மாசி வரை போவது நல்லது. கீழே தேங்கி நிற்கும் தண்ணீர் மைலவரம் அணையின் பின்னீர் என்பதால் அணையில் இருப்பைப் பொறுத்து ஏறும், இறங்கும். சில கோடைகளில் சேறுதான் தெரியும். விளிம்புப் பாறைகளில் கம்பித்தடுப்பு கிடையாது, வெடிப்பு விட்ட பாளங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலுக்குக் கீழே இருப்பதும் ஒருநாள் விழப்போகிற பாளம்தான், அது என்றைக்கு என்று மட்டும் எழுதி வைக்கவில்லை. ஆகவே படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். தாத்தாவை உட்கார வைத்து, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே எடுங்கள்.